அரை மாரத்தான் 1:52, முழு மாரத்தான் 4:28: அந்த 33 நிமிடங்கள் எங்கே போயின?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு வருகிறது. அக்டோபரில் அரை மாரத்தானை 1:52-ல் முடித்தீர்கள். அதை வைத்து இணையக் கணிப்பான் முழு மாரத்தானுக்கு 3:53 என்று காட்டியது. கொஞ்சம் தளர்த்தி 3:55-ஐ இலக்காக வைத்து, ஜனவரியில் சென்னை மாரத்தானில் காலை 4 மணிக்குப் புறப்பட்டீர்கள். 33-வது கிலோமீட்டரில் தொடையும் கெண்டைக்காலும் இழுத்துக்கொள்ள, நடந்தும் ஓடியும் 4:28:10-ல் முடித்தீர்கள். உப்பு போதவில்லையா, மனத்திண்மை போதவில்லையா, ஐந்து வாரத்தில் வரும் இன்னொரு மாரத்தானில் 4 மணிக்குள் வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் 1:52 ஓடிய ஆளா, 4:28 ஓடிய ஆளா? இரண்டும் நீங்கள்தான். ஆனால் 3:55 ஓடக்கூடிய ஆளாக அன்று நீங்கள் இல்லை. அது முதல் பத்து கிலோமீட்டரிலேயே தெரிகிறது. நல்லவேளையாக ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு ஸ்பிலிட் (அந்தத் துண்டை ஓட ஆன நேரம்) என முழுதாகக் கொடுத்திருக்கிறீர்கள்; முடித்த நேரத்தை மட்டும் கொடுத்திருந்தால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

முதலில் எந்த எண்ணை நம்புவது என்பதைத் தீர்த்துக்கொள்வோம். உங்கள் கைக்கடிகாரம் 42.7 கிலோமீட்டர் காட்டியதால், 42.195 இருக்க வேண்டிய பாதை கூடுதல் நீளம் என்று நினைக்கிறீர்கள். முறைப்படி அளந்து சான்று பெற்ற பாதையில் அப்படி நடப்பதில்லை. ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, வளைவுகளை மிகக் குறுகலாக வெட்டிப் போகும் கோட்டை, சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளால் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்ப்பார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடுகிறவர் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. மேம்பாலத்தின் அடியிலும் உயரமான கட்டடங்களின் அருகிலும் ஜிபிஎஸ் தடுமாறும். விளைவு என்னவென்றால், கடிகாரத்தில் 5:30 என்று தெரிந்த பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) உண்மையில் 5:34. அடுத்த முறை, கடிகாரம் தானே கிலோமீட்டரைக் கணித்துப் பதியும் ‘ஆட்டோ லேப்’பை அணைத்துவிட்டு, கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் நீங்களே பொத்தானை அழுத்துங்கள். ஆய்வுக்கு, நீங்கள் அணிந்த சிப்பைப் பாதையில் போட்ட விரிப்புகள் படித்துப் பதியும் சிப் நேரமும் விரிப்பு ஸ்பிலிட்டும் மட்டுமே போதும்.

அந்த ஸ்பிலிட்களை வரிசையாகப் பாருங்கள். முதல் 5 கி.மீ. 26:50. அடுத்தது 27:20. பிறகு 27:50, 28:00. பாதித் தூரம் 1:56:10. அதன் பிறகு 28:40, 30:10, 37:00, 43:30, கடைசி 2.195 கி.மீ. 18:50. 3:55-க்குத் தேவையான பேஸ் கிலோமீட்டருக்கு 5:34. நீங்கள் முதல் ஐந்தை 5:22-ல் ஓடியிருக்கிறீர்கள். அது உங்கள் அரை மாரத்தான் பேஸான 5:18-ஐ ஒட்டி நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 5:22, 5:28, 5:34, 5:36, 5:44, 6:02 என்று ஒவ்வொரு ஐந்திலும் வேகம் இறங்கியே வந்திருக்கிறது. ஒருமுறைகூட நிலைபெறவில்லை. 33-ல் கால் இழுத்ததால் பந்தயம் கெட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் அட்டவணை 15-லிருந்தே கெட்டுக்கொண்டு வந்ததைக் காட்டுகிறது; இழுத்தது அதன் கடைசிக் கட்டம். இரண்டாம் பாதி 2:32, முதல் பாதியைவிட 31 விழுக்காடு மெதுவு. நன்றாக ஓடிய பொழுதுபோக்கு ஓட்டக்காரருக்கு இந்த வித்தியாசம் மூன்றிலிருந்து ஐந்து விழுக்காடு வரை இருப்பது இயல்பு. கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2023-ல் சிகாகோ மாரத்தானில் 2:00:35 ஓடியபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. அவரோடு நம்மை ஒப்பிடச் சொல்லவில்லை. வேகத்தைப் பிற்பகுதிக்கு மிச்சம் வைப்பது மெதுவாக ஓடுகிறவர்களின் கவலை மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

வெயிலைச் சொல்லித் தப்பிக்கலாமா என்றால், இங்கே கொஞ்சம் மட்டும்தான் முடியும். ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 6:30-க்கு எழுகிறது. 20-லிருந்து 25 வரை நீங்கள் ஓடியது 5:50-க்கும் 6:19-க்கும் நடுவே, முழு இருட்டிலும் விடியும் முன் வெளிச்சத்திலும். வேகம் விழத் தொடங்கியதற்கு வெயில் காரணமாக இருக்க முடியாது. விழுந்த பிறகு எழ முடியாமல் போனதில் அதற்குப் பங்கு உண்டு, ஏனென்றால் கடைசி இரண்டு மணி நேரத்தை வெயிலில் கழித்தீர்கள். ஈரப்பதம் வேறு விஷயம். அது புறப்பட்ட நிமிடத்திலிருந்தே வேலை செய்யும். கடலோரக் காற்றில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருந்தால் உடம்பு குளிராது. சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குத் திருப்பப்படும், காலுக்குப் போவது குறையும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும்.

உங்கள் இதயத்துடிப்பும் அதையே சொல்கிறது, கடிகாரம் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால். மணிக்கட்டு சென்சார்கள் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு நிமிடக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். 170-ஐ ஒட்டிய எண் நெடுநேரம் அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. அரை மாரத்தானில் சராசரி 169. முழு மாரத்தானில் முதல் பத்தில் 163, இருபதில் 171. வேகம் குறையக் குறையத் துடிப்பு ஏறியிருக்கிறது. பாதித் தூரம் வரும் முன்பே அரை மாரத்தானின் சராசரியைத் தாண்டிவிட்டீர்கள், இன்னும் 22 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது. 33-க்குப் பிறகு துடிப்பு 148-க்கு இறங்கியது. இது முக்கியமான தடயம். துடிப்பு உயரத்திலேயே நிற்க வேகம் மட்டும் விழுந்திருந்தால் சூட்டையும் நீரிழப்பையும் முதலில் சந்தேகிப்பேன். இரண்டும் சேர்ந்து விழுந்தால், இதயத்துக்குத் திராணி இருந்தும் கால் ஒத்துழைக்கவில்லை என்று பொருள். அதாவது தசைச் சேதம், எரிபொருள் தீர்தல், அல்லது இரண்டும்.

கணிப்பானிடம் வருவோம். நீங்கள் பயன்படுத்தியது பீட்டர் ரீகல் 1977-ல் வெளியிட்ட சூத்திரம்: தூரம் இரட்டித்தால் நேரத்தை 2-இன் அடுக்கு 1.06-ஆல், அதாவது ஏறக்குறைய 2.085-ஆல் பெருக்குவது. 112 நிமிடத்தைப் பெருக்கினால் 3:53:30 வரும். கணக்கு சரிதான். ஆனால் அது அந்தத் தூரத்துக்கென்றே முழுதாகத் தயாரானவருக்கு. 2016-ல் வெளிவந்த ஆய்வொன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் நேரங்களைச் சோதித்தது. அரை மாரத்தான் வரை சூத்திரம் நன்றாகப் பொருந்தியது. முழு மாரத்தானில் பாதிப் பேருக்குக் குறைந்தது பத்து நிமிடம் மிகையான நம்பிக்கை கொடுத்தது. வாரம் 40, 45 கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்கு அடுக்கை 1.15 ஆக வைத்துப் பார்ப்பேன், 4:08 வருகிறது. சென்னையின் ஈரப்பதத்துக்கு இன்னும் சில நிமிடம் சேர்த்தால் 4:10-லிருந்து 4:15. இது மதிப்பீடுதான், அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இழந்ததாக நினைக்கும் 33 நிமிடத்தில் ஏறக்குறைய பாதி உங்கள் கையில் இருந்ததே இல்லை. மீதியைத்தான் இழந்தீர்கள்.

எரிபொருளில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடுவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 68 கிலோ எடையுள்ள உங்களுக்கு மொத்தம் 2,850-ஐ ஒட்டி வரும். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் (உடம்பின் சர்க்கரைச் சேமிப்பு) தருவது ஏறத்தாழ 2,000. அதுவும் நிறைத்து வைத்திருந்தால். மீதியைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத் தரும். வேகமாகப் புறப்பட்டால் கொழுப்பின் பங்கு சுருங்கி, சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். ஓட்டக்காரர்கள் ‘சுவர்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நான்கரை மணி நேரத்தில் நீங்கள் எடுத்தது இரண்டு ஜெல் (ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ்), ஐம்பது கிராம் மாவுச்சத்து. மணிக்குப் பதினொரு கிராம். பரிந்துரை மணிக்கு 30-லிருந்து 60 கிராம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்ததாக இருந்தால், 90 வரைகூடப் போகலாம். உங்களுக்கு 50 போதும்: முதல் ஜெல் 30-வது நிமிடத்தில், பிறகு அரை மணிக்கு ஒன்று, ஒவ்வொன்றோடும் 150 மில்லி வெறும் தண்ணீர். ஜெல்லையும் இனிப்புப் பானத்தையும் ஒன்றாகக் குடித்தால் வயிற்றில் கரைசல் கெட்டியாகிக் குமட்டும். ‘ஜெல் எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்கிறவர்களில் பலருக்கு நடப்பது அதுதான். ஜெல் விலை கட்டுப்படியாகாவிட்டால் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமோ, அளந்து கரைத்த குளுக்கோஸ் நீரோ போதும். கடலை மிட்டாய் வேண்டாம். அதில் உள்ள கொழுப்பு செரிக்க நேரமெடுக்கும். எதுவானாலும் ஆறு வாரமாவது லாங் ரன்களில் (பயிற்சியின் நெடுந்தூர ஓட்டங்களில்) சாப்பிட்டுப் பழக வேண்டும். குடலும் பயிற்சியால் பழகும் உறுப்புதான்.

நம் ஊர்ப் பந்தயங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 4 மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால், முந்தைய இரவு 8 மணிக்குச் சாப்பிட்டது கடைசி உணவாகிவிடுகிறது. இரவு முழுக்க ஈரலின் சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கும். ஒரு காப்பியும் ஒரு வாழைப்பழமும் அதை நிரப்பாது. 2 மணிக்கு எழுந்து, சர்க்கரை தொட்டுக்கொண்டு மூன்று நான்கு இட்லி, பிறகு ஒரு வாழைப்பழம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நார், எண்ணெய், பருப்பு குறைவாக. அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 8-லிருந்து 10 கிராம் மாவுச்சத்து. உங்களுக்கு அது நாளுக்கு 540 கிராமுக்குக் குறையாது. சோற்றிலேயே அடைய முயன்றால் இரண்டு கிலோ சோறு தின்ன வேண்டும். அதனால் பழச்சாறு, தேன், ரொட்டி, அவல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு மட்டும் பிரியாணியை ஒரு பிடி பிடிப்பது நிரப்புதல் ஆகாது.

இனி நீங்கள் முதலில் கேட்ட உப்பு. இங்கே என் குரல் தாழ்கிறது, ஏனென்றால் தசைப்பிடிப்புக்கு இதுதான் காரணம் என்று இன்றுவரை யாரும் தீர்மானமாக நிறுவவில்லை. உப்புக் குறைவும் நீரிழப்பும்தான் காரணம் என்பது பழைய விளக்கம். ஆனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் அயர்ன்மேன் டிரையத்லான் வீரர்களைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இரத்தத்தின் உப்பு அளவிலும் நீரிழப்பிலும் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. பிடிப்பு வந்தவர்கள் அதிக வேகத்தில் போனவர்களாக இருந்தார்கள். பழகாத வேகத்தில் களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையிலான கட்டுப்பாடு குலைவதே காரணம் என்பது இன்றைய வலுவான கருத்து. உங்களுக்கு உடம்பெல்லாம் இழுக்காமல், அதிகம் உழைத்த இரண்டு தசைகள் மட்டும் இழுத்ததும் அதற்கே பொருந்துகிறது. இருந்தாலும் சட்டையில் வெள்ளைக் கோடுகள் படியும் அளவு உப்பு வியர்ப்பவர் என்கிறீர்கள். மணிக்கு 300-லிருந்து 500 மில்லிகிராம் சோடியம் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். தூளை ஒரு லிட்டரில் கரைத்தால் ஏறக்குறைய 1,700 மில்லிகிராம் சோடியம் இருக்கும்; மணிக்குக் கால் லிட்டர் போதும். இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் பிடிப்புக்குக் குடிக்கும் ஊறுகாய்ச் சாறு வினிகரும் உப்பும் கலந்த நீர். நம் மாங்காய் ஊறுகாயின் எண்ணெயை யாரும் முயல வேண்டாம்.

ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் குடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியா தவறா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் வியர்வை அளவு தெரியாமல். அதை நீங்களே அளக்கலாம். ஓடும் முன் சிறுநீர் கழித்துவிட்டு உடையின்றி எடை பாருங்கள். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த கிலோவோடு குடித்த லிட்டரைக் கூட்டினால் மணிக்கு எவ்வளவு வியர்க்கிறீர்கள் என்பது கிடைக்கும். அதில் முக்கால் பங்குக்கு மேல் குடிக்கத் தேவையில்லை. ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆய்வுக்காக இரத்த மாதிரி கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியதும் அதோடு சேர்ந்தே வந்தன. புறப்படும் முன் ஒரு வலி மாத்திரை போட்டதாகவும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். நீரிழப்பும் தசைச் சிதைவும் இருக்கும் நாளில் அது கூட்டுச் சுமை. பந்தயத்துக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அல்லது வீக்கமும் வாந்தியும் குழப்பமும் இருந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனத்திண்மை பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இழுக்கும் காலோடு ஒன்பது கிலோமீட்டரைக் கடந்தவருக்கு அது குறைவு என்று நான் நம்பவில்லை. கால்கள் அந்தத் தூரத்துக்குத் தயாராக இல்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு வாரத்தில் 30 கி.மீ. ஒருமுறை, 26 இருமுறை. தரையில் கால் பதியும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. நாற்பதாயிரம் தடவைக்கு மேல் அப்படித் தாங்க, அதே வகைச் சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். அடுத்த பயிற்சிச் சுழற்சியில் 16 வாரம், வாரம் ஐந்து நாள், உச்சத்தில் 55-லிருந்து 65 கி.மீ. இருக்கட்டும். 28-க்கும் 32-க்கும் இடையே நான்கைந்து லாங் ரன். ஆனால் மூன்றே கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் கிடைக்கும் பலனைவிடத் தேற ஆகும் நாள் அதிகம். அவற்றில் இரண்டில் கடைசி 10 கி.மீ. மாரத்தான் பேஸில். சுலபமான நாட்களை 5:45-ல் ஓடுகிறீர்கள். உங்களுக்கு அது சுலபம் இல்லை. 6:20-லிருந்து 6:50-க்கு இறங்குங்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் 7:15 ஆனாலும் கவலைப்படாதீர்கள், துடிப்பைப் பாருங்கள், பேஸை விட்டுவிடுங்கள்.

ஐந்து வாரத்தில் இன்னொன்றா? 4 மணிக்குள் வர முடியாது என்பது என் தெளிவான கருத்து. தசைச் சேதம் ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு இருக்கும் இரண்டு வாரத்தில் கட்ட எதுவும் இல்லை, பந்தயத்துக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் டேப்பருக்கே சரியாகப் போகும். முதல் ஏழிலிருந்து பத்து நாள் நடை, நீச்சல், தூக்கம். பிறகு இரண்டு வாரம் சுலபமான ஓட்டம் மட்டும். பணம் கட்டிவிட்டேன் என்றால், அமைப்பாளர்கள் அனுமதித்தால் 10 கி.மீ.-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு அழுத்தமோ மயக்கமோ வந்திருந்தால், மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல் முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த ஜனவரியில் இதே பாதையில் ஓடுவதாக இருந்தால், நவம்பரில் ஓர் அரை மாரத்தானை முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். 1:48-க்குள் வந்து லாங் ரன்களும் முடிந்திருந்தால் 3:59-ஐ முயல நியாயம் உண்டு. மறுபடி 1:52 வந்தால் 4:09 போதும். 5:55 பேஸ், பாதியை 2:04:50-ல் கடப்பது. முதல் ஐந்தை 6:05-ல் போங்கள். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், விடுங்கள். துடிப்பு முதல் இருபதில் 160-ஐத் தாண்டக் கூடாது. 32-வது பலகை வரை அவசரம் எதுவும் இல்லை. அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ வாங்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சுழற்சிக்கான ஜெல்லும், நீங்கள் இப்போது ஓடும் அதே ஷூவில் புது ஜோடி ஒன்றும் வந்துவிடும். பழையது 900 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள்.